கணவாய்ச் சிலம்பன்

ஜனவரி 9

ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். "கோபத்தை ஆளுங்ககிட்டக் காட்டாதீங்க, ஒரு நோட்டுல எழுதி வைங்க, தானா குறையும்" என்றார் டாக்டர். எழுதினால் குறைகிற கோபமெல்லாம் ஒரு கோபமா? இருந்தாலும் கல்லூரியில் கொடுத்த புத்தாண்டு டைரி சும்மாதான் கிடக்கிறது. முதல் பக்கத்தில் பிரின்சிபால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படம். அதைக் கிழித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்குச் சாந்தாமணின்னு பேரு வெச்ச உங்கப்பாவைச் சொல்லோணும்" என்று சிரித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து இந்த மனுஷனுக்குச் சிரிப்பதுதான் உத்தியோகம்.

நல்லதையும் எழுதுகிறேன். பன்னிரண்டு வருஷ உழைப்பு முடிகிற நேரம் இது. சோலைச் சிலம்பன் என்று ஒரு பாடும் பறவை. வடக்கே செவ்வரை மலையில் இருப்பதற்குத் தொண்டை வெள்ளை. மூன்று விசில், படிப்படியாக ஏறும். தெற்கே நீர்வரை மலையில் இருப்பதற்குத் தொண்டை சாம்பல். இரண்டு விசில், பிறகு தொண்டைக்குள் ஒரு உருட்டல். புத்தகங்களில் இரண்டும் ஒரே இனம். இல்லை, இரண்டு வேறு இனங்கள் என்று நான் சொல்லி வருகிறேன். இப்போது மரபணுவை வைத்தே நிரூபிக்கப் போகிறேன். நிரூபித்தால் தெற்குப் பறவைக்குப் புதுப் பேர் வைக்கும் உரிமை எனக்கு.

அதற்கு மகள் தாரணியின் பேரை வைப்பதாக, அவள் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தேன். இப்போது அந்தப் பேரை வைப்பதாக இல்லை. வேறு யோசிக்க வேண்டும்.

ஜனவரி 17

வயிறு எரிகிறது.

ஐதராபாத்திலிருந்து மரபணு முடிவுகள் வந்தன. செவ்வரைப் பறவைகள் ஒரு பக்கம், நீர்வரைப் பறவைகள் ஒரு பக்கம், வகிடு எடுத்ததுபோல் அழகாகப் பிரிகின்றன. பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பிறகு என் ஆராய்ச்சி மாணவி ஜெசிந்தா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

இரண்டு மலைக்கும் நடுவில் ஊசிக் கணவாய் இருக்கிறது. முழுமைக்காக அங்கேயும் கொஞ்சம் பறவைகளைப் பிடித்து ரத்தம் எடுத்து வந்திருந்தாள். மரபணுவில் வடக்குப் பறவைக்கு ஓர் எழுத்தும் தெற்குப் பறவைக்கு வேறோர் எழுத்தும் இருக்க வேண்டிய பல இடங்களில், கணவாய்ப் பறவைகளில் பாதிக்கு இரண்டு எழுத்தும் சேர்ந்தே இருக்கிறது. ஒரு குழாயில் இரண்டு பறவையின் ரத்தம் கலந்தால் இப்படித்தான் வரும். கையுறையை மாற்றாமல் வேலை செய்திருப்பாள். எங்கள் துறையில் இப்படி வந்தால் யோசிக்கவே மாட்டோம். அந்தக் குழாய்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்றதை வைத்து எழுதுவோம்.

"அத்தனையையும் எடுத்துடு" என்றேன்.

"ஒருதடவை திருப்பிப் போட்டுப் பாத்துடலாமே மேடம்?"

"அழுக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்தா தங்கமாயிடுமா?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். வால்பாறை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அட்டைக்கும் பயப்படமாட்டாள், எனக்கும் பயப்படமாட்டாள்.

ஜனவரி 18

சாம்பார்ப் பொடி டப்பா பாதி காலி. பொங்கலுக்கு முந்தின வாரம்தான் அரைத்தேன். வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

பிப்ரவரி 2

அண்ணன் வந்திருந்தார். வந்தால் உட்கார்ந்தவுடன் ஆரம்பித்துவிடுவார்.

"ஏஞ் சாந்தா, ஒரு சொட்டு ரத்தத்தைப் பாத்தே இது இன்ன சாதிக் குருவின்னு சொல்லிப் போடுவியாமா?"

"ஆமாங்கண்ணா."

"அப்ப நம்ம சங்கத்து மாநாட்டுல வந்து ஒரு பத்து நிமிஷம் பேசு. நம்ம ரத்தம் கலக்காத ரத்தம்னு விஞ்ஞான ரீதியா நீ சொன்னா, ஒருத்தன் வாயத் தொறக்க முடியாது."

"அது குருவிக்குங்கண்ணா" என்றேன். எரிச்சலாக இருந்தது. ஆனால் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சின்ன வயசிலிருந்தே அவரிடம் எனக்குப் பேச்சு எழாது, இப்போது முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. காரணத்தை எழுதிவிடுகிறேன், இது எனக்கான நோட்டுதானே.

தாரணியை அண்ணன் மகன் கௌதமனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. மாமன் மகன், முறைப்பையன். தாம்பூலம் மாற்றுவதற்கு நாள்கூடப் பார்த்தாயிற்று. அந்த வாரம்தான் இவள் என் எதிரே வந்து நின்று, "நெருங்கின சொந்தத்துக்குள்ளேயே கூடினா பறவைக் கூட்டம் நலிஞ்சுபோகும்னு க்ளாஸ்ல பாடம் நடத்துற. வீட்ல உங்க அண்ணன் பையனுக்கே என்னைக் கட்டிவைக்கப் பாக்கற. எந்த வாய்மா உன்னோட வாய்?" என்று கேட்டாள். பெற்ற தாயைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? அடுத்த மாதம் பொள்ளாச்சியில் அந்த இளம்பரிதியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். வேறு சாதி. விதை ஆய்வாளர் வேலை. இரண்டு வருஷம் ஆகிறது. நான் அவளோடு பேசவில்லை. அவளும் என்னோடு பேசவில்லை. அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்ததென்று தெரியவில்லை, வீட்டுக்காரர் பக்கமாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 20

ஜெசிந்தா என் பேச்சைக் கேட்காமல் ஃப்ரீசரில் மீதியிருந்த ரத்தத்தை எடுத்து எல்லாவற்றையும் திரும்பச் செய்திருக்கிறாள். அதே முடிவு. அதே பறவைகள், அதே இரட்டை எழுத்து.

"யாரைக் கேட்டும்மா செஞ்சே?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்க மேடம், அதான் கேக்கல."

"உன் கை சுத்தமில்லேன்னு ரெண்டாவது தடவையும் நிரூபிச்சிருக்கே. அவ்வளவுதான்."

அவள் கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை. "ரத்தமே ஊத்தாம ஒரு காலிக் குழாயையும் கூடவே வெச்சு ஓட்டினேன் மேடம். என் கையில அழுக்கு இருந்தா அதுலயும் தெரியணும். அது சுத்தமா இருக்கு. தப்பு குழாய்ல இல்ல. அந்தப் பறவைங்க அப்படித்தான். வேணும்னா நீங்களே வந்து உங்க கையால பிடிங்க."

வெளியே போ என்றேன். போனாள். கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம், திறந்து போட்டுவிட்டுப் போனாள். வராந்தாவில் நின்ற எம்.எஸ்ஸி. பிள்ளைகள் அத்தனையும் கேட்டிருப்பார்கள்.

மார்ச் 6

அலமாரியில் செய்தித்தாளுக்குப் பின்னால் நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம். பிரித்தேன். பிரசவ லேகியம்.

"என்னுங்க இது?"

"எனக்குத்தான். வாய்வுத் தொல்லை."

"வாய்வுக்குப் பிள்ளை பெத்தவ தின்கிற லேகியத்தையா திம்பாங்க?"

"கடைக்காரர் நல்லா கேக்கும்னாரு" என்று பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இல்லாததுதான் குறை. பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். அந்த லேகியத்தில் சுக்கு போதாது. நான் கிண்டினால் இன்னும் நன்றாக இருக்கும். அதற்காகக் கிண்டுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மார்ச் 11

பெண் குழந்தை. அவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் போனில் பேசினார். தண்ணீர் வீணானதுதான் மிச்சம், எல்லாம் கேட்டது.

மார்ச் 24, ஊசிக் கணவாய், வனத்துறை ஓய்வறை

வந்தேவிட்டேன். ஜெசிந்தாவின் வாயை மூடத்தான் வந்தேன். வலை கட்டுவதிலிருந்து குழாயை மூடுவது வரை எல்லாம் என் கை. அவள் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவளும் கையைக் கட்டிக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றாள். ஐம்பத்து நான்கு வயதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அட்டைக்கு உப்பு தேய்த்துக்கொண்டு, வழுக்குப் பாறையில் மூங்கில் நட்டேன். முழங்கால் கெஞ்சுகிறது.

சூரியன் வரும் முன்னே ஒன்று பாடியது. மூன்று விசில், படிப்படியாக ஏறிற்று. செவ்வரைப் பறவை என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். குறித்து முடிப்பதற்குள் பாட்டின் கடைசியில் ஒரு உருட்டலைப் போட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. ஒழுங்காக ஒரு பாட்டைப் பாடத் தெரியாதா? அப்பனுடையதில் பாதி, ஆத்தாளுடையதில் பாதி என்று இஷ்டத்துக்குப் பாடினால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "இதைத்தான் மேடம் சொன்னேன்" என்றாள் ஜெசிந்தா. முறுக்கைத் தின்னு என்றேன்.

அதுவே வலையில் விழுந்தது. கழுத்தை இரண்டு விரலுக்கு இடையில் வைத்து, முதுகை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தேன். தொண்டையைப் பார்த்தேன். மேலே வெள்ளை, கீழே சாம்பல், நடுவில் கோடு என்று ஒன்று இல்லை. ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போயிருந்தது. இறகு பளபளவென்று இருந்தது. நோஞ்சானாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். விரலைப் பிடுங்கிவிடுகிற மாதிரிக் கொத்தியது. சிறகு நரம்பில் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு விட்டேன்.

நேரே புதருக்குப் போனது. அங்கே கூடு. கூட்டில் வாயைப் பிளந்துகொண்டு மூன்று.

மார்ச் 25

மழை. வலை விரிக்க முடியவில்லை. அரிசிம்பருப்பு சாதம் வைத்தேன். ஜெசிந்தா இரண்டு தடவை போட்டுக்கொண்டாள்.

"உங்க பொண்ணுக்கு இது பிடிக்கும்தானே மேடம்? சார் சொல்லுவாரு."

சார் இவளிடம் எப்போது சொன்னார்? என் முதுகுக்குப் பின்னால் இந்த ஊரே பேசிக்கொள்கிறது.

ஏப்ரல் 19

என் கையால் பிடித்த பறவைகளின் முடிவு வந்தது. இரட்டை எழுத்து. காலிக் குழாய் சுத்தம்.

அதோடு முடியவில்லை. சிலது சரிபாதி. சிலது முக்கால் வடக்கு, கால் தெற்கு. சிலது அதற்கும் அப்பால் போய்விட்டது. அப்படியென்றால் என்றோ ஒருநாள் வழிதவறிக் கூடியதில்லை. கூடி, குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சும் துணை தேடி, பேரன் பேத்தி எடுத்து, தலைமுறை தலைமுறையாக அங்கே குடித்தனம் நடத்துகின்றன. கலப்பு இருந்தாலும் இரண்டு இனம்தான் என்று வாதாடுகிறவர்கள் எங்கள் துறையில் உண்டு. கணவாயில் ஏதோ ஒன்றிரண்டு என்றால் நானும் வாதாடியிருப்பேன். இவ்வளவு பார்த்த பிறகு வாய் வரவில்லை.

இரண்டு மலை. ஒரே பறவை. பன்னிரண்டு வருஷம்.

மேசைமேல் இருந்த பேனா ஸ்டாண்டை விசிறி எறிந்தேன். ஜெசிந்தா பொறுக்கி வைத்தாள். "நான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதைச் சாக்கிட்டுக் கத்தியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

ஏப்ரல் 20

"பறவைக்கு வேற பேரு யோசிச்சுட்டியா?" என்று கேட்டார் அவர்.

"பேரு வைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. எல்லாம் ஒண்ணுதானாம்."

எழுந்து அடுக்களைக்குப் போனார். பிறகு காபி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை அதிகம். மனுஷனுக்குக் காபிகூடப் போடத் தெரியவில்லை. குடித்தேன்.

ஜூன் 23

கட்டுரையை மே மாதம் அனுப்பியிருந்தோம். ஒரே இனம் என்றுதான் எழுதினேன். இன்று ஆய்விதழிலிருந்து மதிப்பீட்டாளர் கருத்து வந்தது. பேர் போடாமல் ஒளிந்துகொண்டு எழுதுகிற ஆசாமி. என்ன சொல்கிறார் தெரியுமா? வடக்கும் தெற்கும் பிரமாதமாகப் பிரிகின்றனவாம். கணவாய்க் குழாய்களில் மட்டும் வேறு ரத்தம் கலந்திருக்குமோ என்று அவருக்குச் சந்தேகமாம். அவற்றை நீக்கிவிட்டால் தெளிவாக இரண்டு இனம் கிடைக்கும், புதுப் பேருடன் கட்டுரையை உடனே ஏற்கலாம் என்று பரிந்துரை செய்கிறாராம்.

அதாவது சில வரிகளை அழித்தால் போதும். என் பறவை எனக்கு. என் பேர் அதன் பக்கத்தில், உலகம் இருக்கிற வரை.

"இப்படியும் ஒரு முட்டாள் இருப்பானா? நல்லா இருக்கற பறவையை அழுக்குன்னு தூக்கிப் போடச் சொல்றான்!" என்று கத்தினேன். ஜெசிந்தா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே என்ன இருக்கிறதோ.

பதிலை அப்போதே சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள். நான் சொன்னது இது:

"அவை அழுக்கு அல்ல. என் கையால் பிடித்தேன், என் கையால் ரத்தம் எடுத்தேன். அப்பன் ஒரு மலை, ஆத்தாள் ஒரு மலை. அதனால் அவற்றுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. பாடுகின்றன, கூடு கட்டுகின்றன, பிள்ளை வளர்க்கின்றன. பிடித்தால் கொத்துகின்றன. உங்களுக்கும் எனக்கும் வசதியாக இருக்கும் என்பதற்காக அவை பிறக்கவே இல்லை என்று என்னால் எழுத முடியாது. அவற்றை விலக்கினால்தான் கோடு நேராக வரும் என்றால், அந்தக் கோடு அங்கே இல்லவே இல்லை என்று அர்த்தம்."

"இதை அப்படியே இங்கிலீஷ்ல போடவா மேடம்? கொஞ்சம் தணிச்சுப் போடவா?"

"ஒரு எழுத்தைத் தணிக்காதே."

அனுப்பினோம். ஜெசிந்தா எதற்காகத் தண்ணீர் பாட்டிலையும் கைக்குட்டையையும் என் பக்கம் நகர்த்தினாள் என்று தெரியவில்லை.

ஜூன் 26

அண்ணன் போன். வீட்டுக்காரர் பொள்ளாச்சிக்குப் போய்வருவதை யாரோ பஸ் ஸ்டாண்டில் பார்த்து வத்தி வைத்திருக்கிறார்கள்.

"உம் புருசனுக்கு வெக்கமில்ல. நீ சொல்ல மாட்டியா? சாந்தா, இப்பவே சொல்லிப் போட்டேன். அந்தப் புள்ளைக்கு மொட்டை, காதுகுத்துன்னு நம்ம குலதெய்வக் கோயில் பக்கம் வந்தாங்கன்னா, வாசப்படி மிதிக்க விடமாட்டேன். எந்தக் கணக்குலயும் சேராத புள்ளை அது."

ஐம்பது வருஷமாக அவரிடம் எழாத பேச்சு இன்று எழுந்தது.

"யாரு கணக்குலண்ணா? நீங்க போட்ட கணக்குலயா? அது எம் மக வயித்துப் புள்ளை. எம் பேத்தி. மொட்டை அடிக்கறதுக்கு உங்க கோயில்தான் வேணும்னு யாரும் தவங்கெடக்கல. உங்க மாநாட்டுக்கு வரச் சொன்னீங்கல்ல, வர்றேன். மைக்கைக் கையில குடுங்க. ரத்தத்தைப் பத்தி நாலு விஷயம் நானே சொல்றேன்."

போனை வைத்தேன். மாத்திரை போட்டேன். அவர் கதவருகில் நின்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, "பொள்ளாச்சி பஸ்ஸு காலைல ஏழரைக்கும் ஒண்ணு இருக்குது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"யாரு கேட்டாங்க?" என்றேன்.

ஜூன் 27

சுக்கு கூடுதலாகப் போட்டு லேகியம் கிண்டினேன். மூன்று மாதம் கழித்து எதற்கு என்று அவர் கேட்டிருந்தால் கரண்டியால் அடித்திருப்பேன். கேட்கவில்லை.

ஜூன் 28, பொள்ளாச்சி

மாடி வீடு. படி செங்குத்து, அவர் முன்னால் ஏற நான் பின்னால். கைக்குழந்தை இருக்கிற வீட்டை இப்படியா பிடிப்பார்கள்?

கதவைத் தாரணிதான் திறந்தாள். இளைத்திருக்கிறாள். "எதுக்கு வந்தே?" என்றாள்.

"சண்டை போட."

"வா. ரெண்டு வருஷத்துச் சண்டை பாக்கி இருக்கு."

போட்டோம். வாசலில் நின்றபடியே ஆரம்பித்து, கூடத்துக்கு வந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து நின்று போட்டோம். போன் பண்ணியும் எடுக்கவில்லை என்றாள். தாலியைக்கூடக் கண்ணில் காட்டவில்லை என்றேன். பிரசவ வலியில் உன்னைத்தான் கூப்பிட்டேன், தெரியுமா என்றாள். நான் பறவையைப் பற்றிச் சொன்னேன். உன் பேரை வைக்க முடியாது, அப்படி ஒரு இனமே இல்லை, இரண்டும் ஒன்றுதான், நடுவில் இருப்பதைத் தூக்கிப் போட்டால் தருகிறேன் என்றார்கள், மாட்டேன் என்றுவிட்டேன் என்று சொன்னேன். தாரணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்க் குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

பழக்கதோஷம், என் இரண்டு விரலும் தானாகக் கழுத்துக்கு இரண்டு பக்கமும் போயின. முதுகு உள்ளங்கையில் பொருந்திற்று. காது எங்கள் பக்கம். மூக்கு எங்கள் பக்கம் இல்லை. புருவம்... புருவத்தைப் பார்ப்பதற்குள் வீல் என்று கத்தினாள். தொண்டை நரம்பு புடைக்க, முகம் சிவக்க, வீதியே திரும்பிப் பார்க்கிற கத்தல்.

அந்தப் பையன் இளம்பரிதி தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றான். "பசிக்குது போல. கோபம் வந்தா இப்படித்தான் மேடம்" என்றான்.

மேடமாம். நான் என்ன இவனுக்கு வகுப்பா எடுக்கிறேன்?

"அத்தைன்னு கூப்பிடத் தெரியாதா உனக்கு?" என்று போட்டேன் ஒரு சத்தம். சொம்பிலிருந்து பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. குழந்தை தன்னைவிடப் பெரிய சத்தம் எங்கிருந்து வந்தது என்று வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வரட்டும்.